தாலந்து என்னும் பாரம்



நமது கோயில்களிலே ஒரு பிள்ளை இனிமையாகப் பாடினால், "ஆண்டவர் கொடுத்த தாலந்து" என்று சொல்லி மகிழ்கிறோம். ஆர்மோனியத்தில் ஓடுகிற விரல், கூத்து மேடையிலே இரவு முழுவதும் கம்மாமல் ஒலிக்கிற குரல், திருவிழாக் கூட்டைச் சோடிக்கிற கை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே நமக்குப் போதுமாயிருக்கிறது. படித்து வந்ததல்ல, பிறப்போடு வந்தது என்று காட்டுவதற்கு இதனிலும் நல்ல சொல் நம்மிடம் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் மத்தேயுவின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் உவமையை ஆண்டவர் சொன்ன அன்று, அவரைச் சுற்றியிருந்த சீடருள் ஒருவராவது பாட்டையோ படிப்பையோ எண்ணியிருக்கமாட்டார். அவர்கள் மனக்கண்ணில் எழுந்தது ஒரு பெரும் வெள்ளி மூட்டை. ஓர் ஆள் தனியே தூக்கித் தோளில் வைப்பதற்கே தடுமாறுகிற மூட்டை.

தாலந்து தமிழ்ச் சொல் அன்று. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். சுமத்தல், தாங்குதல் என்னும் பொருள் கொண்ட ஒரு வேரிலிருந்து அது பிறந்தது என்று மொழியறிஞர் கூறுவர். முதலில் அது தராசைக் குறித்தது. ஹோமர் என்னும் பழம் புலவரின் இலியத் காவியத்திலே, போர்வீரரின் விதியை நிறுத்துப் பார்க்கும் பொற்றராசுக்கு இதுவே பெயர். பின்னர் தராசில் வைக்கப்படும் பாரத்துக்கும், அதன்பின் அப்பாரமுள்ள வெள்ளிக்கும் பொன்னுக்கும் அது பெயராயிற்று. ஏதென்சு நகரத்து நிறைப்படி ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ; காசாக எண்ணினால் 6,000 திராக்மா. எபிரேயர் தம் மொழியில் இந்நிறையைக் 'கிக்கார்' என்றனர்; வட்டம் என்பது அதன் பொருள். வட்டமான அப்பத்துக்கும் அவர்கள் அதே சொல்லை வழங்கினர் என்பது நெஞ்சில் வைக்கத்தக்கது.

இந்த 6,000 என்னும் எண்ணை நாம் சும்மா கடந்து போகலாகாது. திராட்சைத் தோட்டத்து உவமையில் ஒரு கூலியாளின் ஒரு நாட் சம்பளம் ஒரு தெனாரியம். அதுவும் திராக்மாவும் ஏறக்குறைய ஒரே மதிப்புள்ளவை. ஓய்வுநாளும் திருநாளும் நீக்கி ஆண்டுக்கு 300 நாள் ஒருவன் உழைத்தான் என்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து அவனுடைய இருபது ஆண்டு உழைப்பு. ஒரு சதமும் செலவழியாமல் இருபது ஆண்டு! ஆகவே, "எனக்கு ஆண்டவர் ஒரேயொரு தாலந்துதான் தந்தார்" என்று ஏக்கப் பெருமூச்சு விடுகிறவர்கள், தாம் என்ன சொல்லுகிறோம் என்று அறியாமலே சொல்லுகிறார்கள். உவமையிலே ஏழை ஊழியன் ஒருவனும் இல்லை. ஐந்து பெற்றவன் பெருஞ் செல்வத்தைச் சுமந்தான். ஒன்று பெற்றவனும் தன் வாழ்நாளில் கண்டிராத செல்வத்தையே சுமந்தான். பக்கத்தில் நிற்கிறவனின் மூட்டையைப் பார்க்கும்போதுதான் தன்னுடையது சிறிதாகிறது.

அப்படியானால் நிறையாக இருந்த சொல் எவ்வாறு திறமையாக மாறியது? இந்த மாற்றம் சந்தையிலே நிகழவில்லை, பள்ளிக்கூடத்திலும் நிகழவில்லை. இந்த உவமையை விளக்கிய கிறிஸ்தவப் போதகர்களின் வாயிலேதான் பெரும்பாலும் நிகழ்ந்தது. ஆண்டவன் ஒப்படைத்த வெள்ளி என்பது அவர் மனிதனுக்கு அளித்த அறிவும் ஆற்றலும் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக விளக்கி வந்தனர். ஐரோப்பாவிலே 15-ஆம் நூற்றாண்டளவில் அந்த விளக்கமே சொல்லின் பொருளாகி நிலைத்துவிட்டது. இன்று துடுப்பாட்டக்காரனையும் சினிமா நடிகனையும் புகழுகிறவர்கள் ஆங்கிலத்தில் வாய் நிறைய வழங்கும் அந்தச் சொல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் மிச்சம் என்று எண்ணும்போது, பிரசங்கம் செய்கிற நமக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருக்கிறது! இடையிலே இன்னொரு பொருளும் அதற்கு இருந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் அச்சொல் விருப்பத்தையும் மனச் சாய்வையும் குறித்தது. தராசின் தட்டு ஒரு பக்கம் சாய்கிறதைப்போல மனம் ஒரு பக்கம் சாய்கிறதல்லவா? அங்கிருந்து வந்திருக்கவேண்டும்.

சொல் வளர்ந்தது நல்லதே. ஆயினும் வளர்ந்த வேகத்தில் உவமையின் ஒரு வரியை அது நமக்கு மறைத்துவிட்டது. மீண்டும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். எஜமானன் ஊழியருக்குத் தாலந்துகளைப் பகிர்ந்தபோது, அவனவனுடைய திறமைக்குத் தக்கபடி பகிர்ந்தான் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். இங்கே திறமை வேறு, தாலந்து வேறு! திறமை ஊழியனிடம் ஏற்கெனவே இருந்தது. அது அவனுடைய கையின் அளவு. தாலந்து அந்தக் கையிலே வைக்கப்பட்ட எஜமானனுடைய சொத்து. ஒருவன் சமர்த்தனா அல்லனா என்பது கணக்குக் கேட்கும் நாளில் பேச்சாகவே வரவில்லை. ஐந்தைக் கொண்டு ஐந்து சம்பாதித்தவனுக்கும் இரண்டைக் கொண்டு இரண்டு சம்பாதித்தவனுக்கும் எஜமானன் சொன்ன பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே. அவன் பாராட்டியது அவர்களுடைய சமர்த்தை அன்று, பிரமாணிக்கத்தை.

நமது சமூகத்துக்கு இந்த வேறுபாடு மிக அவசியமானது. நம்மிடம் இன்னொரு சொல் இருக்கிறது, தாலந்தைவிட நூறு மடங்கு அதிகமாக வழங்கும் சொல்: கெட்டிக்காரன். கெட்டி என்றால் திண்மை, உறுதி, இளக்கமின்மை. நல்ல சொல்தான். ஆனால் நாம் அதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறோம்? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியிலே வைத்திருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு இலக்கத்தைக் கொடுத்து, இந்தப் பக்கம் நின்றால் கெட்டிக்காரன், அந்தப் பக்கம் நின்றால் மொக்கன் என்று கோடு கீறியிருக்கிறோம். சித்தியடைந்தவர்களின் படம் மதிலிலே தொங்குகிறது. மற்றப் பிள்ளைகள் அதன் கீழாலே தினமும் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்த பின், ஒரு தாய் தன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் எனக்கு அறிமுகஞ் செய்தாள். "மூத்தவன் நல்ல கெட்டிக்காரன் சுவாமி. இளையவனுக்கு ஒண்டும் ஏறாது." அவள் கொடுமைக்காரியல்லள், பிள்ளைகளுக்காகத் தன்னை உருக்கிக்கொள்ளுகிற நல்ல தாய். மூத்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். இளையவனோ எங்கள் பேச்சு விழாத தூரத்தில், தன் அம்மம்மாவைக் கைபிடித்துக் கோயிற் படியால் ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தான். கிழவி அடுத்த படியிலே காலை வைத்து உறுதிப்படுத்தும்வரை அவன் அசையவில்லை. அந்தப் பொறுமை எந்தப் பாடத்தில் வருகிறது, அதற்கு எத்தனை புள்ளி?

கடற்கரைப் பங்குகளிலே போய்ப் பாருங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஒரு வயோதிபர் விடியற்காலையில் கரையில் நின்று, சோளகம் திரும்பிவிட்டதா, இன்றைக்குக் கடல் வைக்குமா என்று முகத்திலே பட்ட காற்றைக்கொண்டு சொல்லிவிடுகிறார். அவர் சொல்லை நம்பித்தான் பத்துப் பேர் தொழிலுக்கு இறங்குகிறார்கள், அல்லது வீட்டில் நிற்கிறார்கள். அவரை யாராவது கெட்டிக்காரன் என்று அழைத்ததுண்டோ? இராயப்பரும் பெலவேந்திரரும் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பதை ஆண்டுதோறும் திருநாள் கொண்டாடுகிற நாமே மறந்துபோகிறோம்.

புனித ஜோன் மரிய வியான்னியின் சரித்திரம் நீங்கள் அறிந்ததே. 1786-இல் பிரான்சு தேசத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். இலத்தீன் அவருக்கு ஏறவேயில்லை. குருமடத்திலே அவரை வைத்துக்கொள்ளத் தயங்கினார்கள், பரீட்சையிலே தவறினார். அவருடைய பக்தியைப் பார்த்தே 1815-இல் குருப்பட்டம் கொடுத்தார்கள். பின்பு ஆர்ஸ் என்னும் ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள்; கெட்டிக்காரக் குருவை வீணாக்கவேண்டாம் என்று எண்ணத்தக்க ஊர் அது. அங்கே அவருடைய பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் தேசம் முழுவதிலுமிருந்து வந்த சனங்கள் நாட்கணக்காகக் காத்து நின்றார்கள். 1859-இல் அவர் இறக்கும்வரை அது குறையவில்லை. பரீட்சை வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. இலத்தீனை நிறுத்துப் பார்த்தார்கள், அது குறைவாகத்தான் இருந்தது. அவர் சுமந்த பாரத்தை நிறுக்கும் தராசு அவர்களிடம் இருக்கவில்லை.

இனி மூன்றாவது ஊழியனிடம் வருவோம். நேர்மையாகச் சொல்வதானால், நம்மூர்க் கண்ணுக்கு அவன் புத்திசாலியாகவே தோன்றுவான். 1995 ஒக்ரோபர் 30-ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மழையிலும் இருளிலும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், அதற்கு முன்னும் பின்னும் வன்னியில் இடம்பெயர்ந்த வேளைகளிலும், கொண்டுபோக முடியாததை வளவிலே தாட்டுவிட்டுப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தப் பனைக்குக் கிழக்கே எத்தனை அடி என்பதை வருடக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களை யார் குறை சொல்லுவார்? யூதர்களின் தல்மூத் என்னும் சட்டத் தொகுப்பிலும், பணத்தைக் காப்பதற்கு மண்ணை விட்டால் வேறு பாதுகாப்பில்லை என்ற கருத்து ஒரு போதகரின் பெயரால் காணப்படுகிறது. புதைத்தவன் திருடவில்லை, சூதாடவில்லை, குடித்து அழிக்கவில்லை. வாங்கிய பாரத்தில் ஒரு குன்றிமணியும் குறையாமல் திருப்பி வைத்தான்.

அப்படியிருந்தும் அவன் புறம்பே தள்ளப்படுகிறான். ஏன்? காரணத்தை அவனே சொல்லுகிறான்: பயந்தேன். எஜமானன் விதைக்காத இடத்தில் அறுக்கிற கடின மனத்தன் என்று அவன் உறுதியாக நம்பியிருந்தான். மற்ற இருவரும் எஜமானனின் குணத்தைப்பற்றி வாய் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருபது ஆண்டுச் சம்பளத்தை ஒரு வேலைக்காரனின் கையிலே நம்பிக் கொடுத்துவிட்டுத் தூரதேசம் போகிறவன் கடின மனத்தனா? மூட்டை அவன் தோளிலேயே இருந்தது. அதன் பாரத்திலேயே எஜமானன் அவன்மேல் வைத்த நம்பிக்கையை அவன் உணர்ந்திருக்கலாம். உணர மறுத்துக் குழி தோண்டினான்.

நமது புதையல்கள் எங்கே இருக்கின்றன? ஒரு காலத்தில் பாடற்குழுவிலே முன்நின்ற பெண், யாரோ ஒருவர் ஒருநாள் சிரித்ததினால் வாயை மூடினவள், இன்றுவரை கடைசி வாங்கிலே இருக்கிறாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சுற்றிலும் பிள்ளைகள் தனியார் வகுப்புக்குக் காசில்லாமல் நிற்க, விறாந்தையிலே பத்திரிகையை இரண்டு தரம் வாசிக்கிறார். "எனக்கு ஏலாது" என்ற ஒரு சொல்லையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு இளைஞர் சங்கத்தின் எல்லா வேலைக்கும் ஒதுங்குகிற வாலிபர்கள் இருக்கிறார்கள். இவற்றைவிட என் மனதை அதிகம் வருத்துவது வேறொன்று. நாட்டு வைத்தியத்திலே முறிவு நெரிவுக்குக் கைகண்ட முறைகள் எத்தனையோ, தகப்பன் மகனுக்கும் முழுமையாகச் சொல்லாமல் மறைத்து வைத்ததினாலே மண்ணோடு மண்ணாகிப் போயின. பிறருக்குச் சொல்லிக் கொடுத்தால் கைராசி போய்விடும் என்ற பயம்.

வேதாகமம் இதற்கு நேர்மாறான ஒரு மனிதனைக் காட்டுகிறது. யாத்திராகமத்தில் வரும் பெசலேல் என்னும் கைவினைஞன் அவன். பொன், வெள்ளி, வெண்கல வேலையும், கல் வெட்டவும் மரம் செதுக்கவும் வேண்டிய திறனும் அவனுக்கு உண்டாகும்படி கடவுள் தம் ஆவியினால் அவனை நிரப்பினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. நாம் தேவ ஆவி என்றதும் செபத்தையும் பிரசங்கத்தையும் நினைக்கிறோம். வேதம் உளியையும் உலையையும் சொல்லுகிறது! அதோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்குக் கற்பிக்கும் வரத்தையும் கடவுள் அவனுடைய உள்ளத்தில் வைத்தார் என்று 35-ஆம் அதிகாரம் கூறுகிறது. திறனைக் கொடுத்த அதே கை, அதைப் பகிரும் மனதையும் சேர்த்தே கொடுத்தது. கூடாரத்துக்கு அமைக்கப்பட்ட ஏழு விளக்குத் தண்டும் அதன் கருவிகளும் ஒரு தாலந்துப் பசும்பொன்னால் ஆனவை. ஒரு தாலந்தை வைத்து ஒருவன் குழி தோண்டினான், ஒருவன் விளக்குச் செய்தான்.

சொற்களின் வேரைத் தேடும்போது நமது நாட்டவரான நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை எண்ணாமல் இருக்கமுடியவில்லை. 1875-இல் மானிப்பாயிற் பிறந்து, இளமையில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராய் இருந்து, அதை விட்டு அமலமரித் தியாகிகள் சபையிலே குருவானவர். மொழிகளைக் கற்பது அவருக்கு நமக்கு மூச்சு விடுவதுபோல இருந்தது. அதை அவர் அலங்காரமாக அணிந்துகொண்டிருக்கலாம். அவரோ ஊர் ஊராகச் சென்று போதித்தும், கோயில் எழுப்பியும், சரித்திரம் ஆராய்ந்தும் வந்ததோடு, தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றின் பிறப்பையும் காட்டும் ஒரு பேரகராதியையும் தொடங்கினார். பகுதி பகுதியாக அது அச்சாகிக்கொண்டிருக்க, 1947-இல் வேலை முடியாமலே இறைவனடி சேர்ந்தார். முடிக்கவில்லையே என்று சிலர் இரங்குவர். எஜமானன் திரும்பி வந்தபோது அவர் வேலைத்தலத்தில் இருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு கஷ்டமான வரியும் உவமையில் இருக்கிறது. இல்லாதவனிடமிருந்து உள்ளதும் எடுக்கப்பட்டு, பத்து உள்ளவனுக்குக் கொடுக்கப்படுகிறது. இதைக் காட்டிச் செல்வர் மேலும் செல்வராவதே தேவசித்தம் என்று வாதாடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அடுத்த உவமையை, பசித்தவனுக்கும் தாகமுள்ளவனுக்கும் செய்தது என்ன என்று ஆண்டவர் கேட்கிற பகுதியை, அவர்கள் பக்கம் புரட்டி வாசிப்பதில்லைபோலும். தைக்காத கை தையலை மறக்கும், பாடாத தொண்டை கட்டிப்போகும். எடுக்கிறதற்கு வேறு ஒருவர் வரத் தேவையில்லை. அவ்வளவே.

புதைத்தவனுக்கு எஜமானன் காட்டிய வழியையும் பாருங்கள். உன்னால் வியாபாரம் செய்ய முடியாவிட்டால் வட்டிக்காரரிடமாவது போட்டிருக்கலாமே என்கிறான். அதாவது, உனக்குத் துணிவில்லையா, துணிவுள்ள இன்னொருவன் கையோடு உன் கையைச் சேர்த்துவிடு. தனியே பாடப் பயமாயிருந்தால் குழுவோடு பாடலாம். மேடை ஏற முடியாதவன் மேடையைக் கட்டலாம்.

பொதுக்காலம் 33-ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு வட்டத்தில், திருச்சபை இந்த உவமைக்கு முன்வாசகமாக எதை வைத்திருக்கிறது தெரியுமா? போர்வீரனையோ சாலமோன் அரசனையோ வைக்கவில்லை. பழமொழி ஆகமத்தின் கடைசி அதிகாரத்திலிருந்து ஒரு குடும்பப் பெண்ணை வைத்திருக்கிறது. அவள் ஆட்டு மயிரையும் சணலையும் தேடி எடுத்து நூல் நூற்கிறாள். கதிரைப் பிடித்த அதே கையை அடுத்த வசனத்திலே எளியவனை நோக்கி நீட்டுகிறாள். இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு சொல்லும் இல்லை. ஓலைப்பெட்டி இழைத்து விற்று, அந்தக் காசில் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கொப்பி வாங்குகிற நம் தாய்மார் இந்த வாசகத்தைக் கேட்கும்போது, தங்களைப்பற்றித்தான் வாசிக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளவேண்டும். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகிறபோது, வரங்கள் ஒவ்வொருவருக்கும் தரப்படுவது எல்லாருடைய நன்மைக்காகவே என்கிறார்.

ஆனாலும், தங்களிடம் எந்தத் தாலந்தும் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை என்று எண்ணுகிறவர்களும் வாசகரிடையே இருப்பீர்கள். உங்களுக்காக யாத்திராகமத்தின் 38-ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு என்பதனால் பலரும் வாசிக்காமல் தாண்டிப் போகும் இடம். பாலைவனத்திலே கூடாரம் அமைத்தபோது இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் தலைக்கு அரைச் சீக்கல் வெள்ளி கொடுத்தார்கள். செல்வன் கூடுதலாகக் கொடுக்கக்கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக்கூடாது என்பது கட்டளை. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். ஒரு தாலந்துக்கு 3,000 சீக்கல் ஆகையால், 6,000 பேருடைய அரைச் சீக்கல்கள் சேர்ந்துதான் ஒரு தாலந்து. அப்படிச் சேர்ந்த 100 தாலந்து வெள்ளியையும் உருக்கி, கூடாரத்தின் பலகைகளையும் திரைச்சீலையின் தூண்களையும் தாங்க 100 பாதங்களை வார்த்தார்கள், பாதத்துக்கு ஒரு தாலந்தாக. அந்த வெள்ளியும் நிலத்தோடு நிலமாகத்தான் கிடந்தது. கூடாரத்துக்குள் வந்தவர்கள் பொன் விளக்கைப் பார்த்தார்களேயன்றிக் குனிந்து பாதத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். எந்தப் பாதத்தில் தன்னுடைய அரைச் சீக்கல் இருந்ததென்று கொடுத்தவர்களில் ஒருவனுக்கும் தெரியாது.